மூச்சு விடும் குஷனும் ஆற்காடு சாலைத் தூசியும்

எங்கள் வீடு வளசரவாக்கத்தில், ஆற்காடு சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, முதல் மாடி. மேற்குப் பார்த்த பால்கனி, பத்தடிக்கு நாலரை அடி. அதில் பிளாஸ்டிக் பிரம்பு பின்னிய நாலு நாற்காலிகள், ஒரு சின்ன மேஜை. நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது, ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்தால் பளிச்சென்று ஆகிவிடும். தொல்லை எல்லாம் அதன் மேல் கிடக்கும் குஷனால்தான்.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை போகும் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நாலாவது வழித்தடம், 26 கிலோமீட்டர் சொச்சம், எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகிறது. தூண் வேலை ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் பகுதியில் தூசி என்பது வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட உறவினர் மாதிரி. காலையில் துடைத்த கிரில் கம்பியில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம்.

2021ல் இந்த நாற்காலிகளோடு ஆறு குஷன்கள் வாங்கினோம். வெளியே போடலாம், மழை பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் விற்றார்கள். நாலை நாற்காலியில் போட்டோம். மிச்சம் இரண்டு, கவர் கூடப் பிரிக்காமல் லாஃப்டுக்குப் போய்விட்டன. அந்த இரண்டும் பிற்பாடு எனக்கு எவ்வளவு உதவியாக இருக்கப்போகின்றன என்று அப்போது தெரியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நாலு குஷன்களும் சொட்டச் சொட்ட நனைந்தன. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, தண்ணீர் வடியவில்லை, குஷனைப் பற்றி யாருக்குக் கவலை? ஒரு வாரம் கழித்துத்தான் எடுத்தேன். எடுத்தவன் அத்தோடு விட்டிருக்கலாம். அழுக்கு போகட்டும் என்று உறையைக் கழற்றாமலே ஹோஸ் வைத்து வேகமாகத் தண்ணீர் அடித்தேன். கீழே காபி நிறத்தில் தண்ணீர் ஓடியது. நன்றாகச் சுத்தமாகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். உண்மையில் மேலே இருந்த தூசியைச் சேறாக்கி நானே உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். காய நாலு நாள் ஆனது. காய்ந்த பிறகு ஈரச் சாக்கு வாடை. தையல் ஓரமெல்லாம் கடுகு கடுகாகக் கறுப்புப் புள்ளி.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, ஒரு குஷனைச் செய்தித்தாள் விரித்து அதன் மேல் வைத்துப் பிரித்தேன். அதற்கு முன் அம்மாவின் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தேன்: 1,180 கிராம். லாஃப்டில் கிடந்த அதன் உடன்பிறப்பு 940 கிராம். ஒரே கடை, ஒரே அளவு. 240 கிராம் வித்தியாசம். மூன்று வருஷம் பால்கனியில் உட்கார்ந்து சம்பாதித்த சொத்து.

உறையை உருவியபோது நான் எதிர்பார்த்தது அடியில் மண். கொஞ்சம் இருந்தது. ஆனால் பெரும்பகுதி வேறு இடத்தில். மேல் துணிக்கு நேர் கீழே, ஃபோம் பரப்பின் மேல், தூசி ஒரு படலமாக உட்கார்ந்திருந்தது. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஆள் உட்காரும் வட்டத்தில் தடிமன், நாலு மூலைகளில் மெலிசு. காற்றில் பறந்து வந்து தானாகப் படிந்த தூசி என்றால் இப்படி ஆள் உட்கார்ந்த வடிவத்தில் ஏன் படிய வேண்டும்?

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிக்காத குஷனைக் கையால் அமுக்கி விட்டேன், மறுபடி அமுக்கி விட்டேன். அப்போதுதான் உறைத்தது. குஷன் ஒரு துருத்தி. நாம் உட்காரும்போது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. எழுந்ததும் ஃபோம் உப்பி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. மேல் துணி இடைவெளி விட்ட நெசவு என்றால் அந்தக் காற்று மேல் துணி வழியாகத்தான் வரும், மேலே படிந்திருக்கும் தூசியையும் கூட்டிக்கொண்டு. தினமும் பத்து முறை உட்கார்ந்து எழுந்தால் பத்து முறை இழுப்பு. வேக்குவம் கிளீனரின் வேலையை நாங்கள் எங்கள் பின்பக்கத்தால் செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

கறுப்புப் புள்ளிக்கும் இதே தூசிதான் காரணம். பாலியெஸ்டரையும் ஃபோமையும் பூஞ்சை அவ்வளவு எளிதில் சாப்பிடாது. அதற்குச் சாப்பாடு தூசியில் இருக்கிறது: தோல் செதில், மகரந்தம், பறவை எச்சம், சிந்திய காபி. சோற்றைப் போட்டுத் தண்ணீரும் ஊற்றினால் வளரத்தானே செய்யும்.

ஆக, புதிதாகத் தைப்பது என்று முடிவானது. மழைக்குத் தாங்குவது அப்புறம், முதலில் தூசி உள்ளே போகக் கூடாது. போனது வெளியே வர வேண்டும்.

துணிக்கு ஒரு பரீட்சை வைத்தேன். எழும்பூர் பாந்தியன் சாலையில் காட்டன் ஸ்ட்ரீட் என்று சொல்லும் நடைபாதைக் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய திரைத்துணி, சோபாத் துணியெல்லாம் கிடைக்கும். அங்கே மூன்று துணிகளில் கால் கால் மீட்டர் வாங்கினேன்: பருத்தி கேன்வாஸ், பின்பக்கம் பூச்சு போட்ட பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் நூலில் கூடை மாதிரி பின்னியது. ரெக்ஸின் துண்டு ஆட்டோ சீட் தைக்கும் கடையில் சும்மாவே கொடுத்தார்கள். ஐந்தாவதாக, கடைகளுக்கு வெயில் மறைப்பு போடுகிறவரிடம் கேட்டு வாங்கிய அக்ரிலிக் துண்டு. இந்த அக்ரிலிக் சாதாரணச் சாயத் துணி இல்லை. நூலாக இழுப்பதற்கு முன், கூழாக இருக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள். பொரித்த அப்பளத்தின் மேல் மிளகாய்ப்பொடி தூவுவதற்கும், மாவிலேயே மிளகாய் சேர்த்து அப்பளம் இடுவதற்கும் உள்ள வித்தியாசம். சன்பிரெல்லா என்று உலகம் முழுக்க விற்கும் துணி இந்த வகைதான். 1961ல் முதலில் வெயில் மறைப்புக்காகத்தான் வந்தது, மெத்தைக்குப் பிறகுதான் போனது.

ஐந்தையும் கிரில்லில் கிளிப் போட்டு மாட்டி, ஒவ்வொன்றிலும் பாதியை அட்டையால் மூடினேன். ஏப்ரல் நடுவில் மாட்டியது, கத்திரி முழுக்க வெயிலில் காய்ந்து, ஜூன் முதல் வாரம் இறக்கினேன். கேன்வாஸில் அட்டை மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி நிறம் மாறியிருந்தது. பாலியெஸ்டர் லேசாக வெளுத்தது. மற்ற மூன்றிலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து தூசிப் பரீட்சை. ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த தூசியையே ஒரு ஸ்பூன் எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் கட்டைவிரலால் தேய்த்து, ஸ்கேலால் பத்து அடி அடித்தேன். கேன்வாஸ் தூசியை விடவே இல்லை. கூடைப் பின்னல் பார்க்கச் சுத்தமாகிவிட்டது, ஆனால் அடியில் வைத்திருந்த வெள்ளைத் தாளைப் பார்த்தால் பாதித் தூசி அதில். அதாவது துணியைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விட்டது. பழைய குஷனும் இதே கதைதான். ரெக்ஸின் பிரமாதம், ஒரு துடைப்பில் போனது. ஆனால் சாயங்கால வெயில் நேராக அடிக்கும் பால்கனியில் லுங்கியோடு ரெக்ஸினில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தோசைக்கல். அக்ரிலிக்கும் பாலியெஸ்டரும் நன்றாக உதறின, கீழேயும் விடவில்லை. பாலிப்ரொப்பிலீனை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது 160 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், பாலியெஸ்டர் 250க்கு மேல்தான். தீபாவளிக்கு எதிர்வீட்டுப் பிள்ளைகள் விடும் ராக்கெட் எங்கள் பால்கனியைத்தான் குறி வைக்கும்.

அக்ரிலிக் மீட்டர் இரண்டாயிரத்தைத் தொட்டது. முழு குஷனுக்கும் அதையே போட்டால் நாற்காலியை விடக் குஷன் விலை கூடிவிடும். கணக்குப் போட்டேன். துணி அகலம் 54 அங்குலம். என் குஷன் இருபதுக்கு இருபது, தையலுக்கு ஓர் அங்குலம் சேர்த்து இருபத்தொன்று. அகலத்தில் இரண்டு வரும். நாலு மேல்துண்டுகளுக்கு 42 அங்குல நீளம், அதாவது ஒன்றேகால் மீட்டர் தாராளம். வெயிலும் தூசியும் விழுவது மேலேதானே? மேலே அக்ரிலிக், பக்கவாட்டில் பூச்சுப் போட்ட பாலியெஸ்டர்.

நிறத்துக்கு ஒரு வழி செய்தேன், இன்றுவரை வீட்டில் கிண்டலடிக்கிறார்கள். வெள்ளை அட்டையில் பசை தடவி எங்கள் தூசியைத் தூவி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு துணிக் கடைக்குப் போனேன். வெளிர்சாம்பலில் கரி தெரியும், கரும்நீலத்தில் மணல் தெரியும். தூசி நிறத்திலேயே, இரண்டு மூன்று நூல்கள் கலந்த மங்கலான பழுப்பு இருந்தால் ஒரு வாரத் தூசி கண்ணில் படாது. கடைக்காரர் அட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். “என்ன சார், மஞ்சள் தூளா?”

தைக்கப் போனது சோபாக் கடைக்கு இல்லை, ரெக்ஸின் துண்டு கொடுத்த அதே ஆட்டோ சீட் கடைக்கு. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “சோபா தைக்கிறவரு ரூமுக்குள்ள போடத் தைக்கிறாரு சார். நம்ம சீட்டு பொழுதுக்கும் ரோட்டுலதான கெடக்குது.” பைப்பிங் வேண்டாம் என்றார், அந்த மடிப்புக்குப் பக்கத்தில்தான் மண் ஒளிந்துகொள்ளும். நடுவில் பட்டன் வைத்துக் குழி விழச் செய்வதும் வேண்டாம், ஒவ்வொரு குழியும் ஒரு குப்பைத் தொட்டி. பருத்தி நூல் மழைக்கும் வெயிலுக்கும் இற்றுப் போகும், பாலியெஸ்டர் நூல்தான். ஜிப் நைலான், ஐந்தாம் நம்பர். கடல் காற்றுக்குப் பித்தளை ஜிப் பச்சை பிடித்து இறுகிவிடும்.

ஃபோம் 40 டென்சிட்டி, மூன்று அங்குலம். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்கிற கணக்கு. இருபதுக்கு இருபது, மூன்று அங்குலத் துண்டு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட வர வேண்டும். கடையில் தராசில் வைக்கச் சொன்னால் 40 என்று சொல்லி 28ஐத் தலையில் கட்ட முடியாது. தண்ணீர் தங்காத பெரிய துவாரம் உள்ள ஃபோமும் இருக்கிறது, மீன் தொட்டி வடிகட்டியில் வைக்கிற மாதிரி. கொளத்தூர் மீன் கடையில் ஒரு பலகை வாங்கி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஊற்றின வேகத்தில் கீழே வந்துவிட்டது. திறந்த மொட்டை மாடி என்றால் அதன் உட்காரும் ரகத்தைத் தேடிப் போவேன். எங்கள் பால்கனிக்கு மேல் சன்ஷேட் இருப்பதால் விட்டுவிட்டேன்.

பாய் முதலில் ஒரு குஷன் மட்டும் தைத்துக் கொடுத்தார். அடியிலும் பூச்சுப் பாலியெஸ்டரையே போட்டிருந்தார். உட்கார்ந்தால் ‘புஸ்ஸ்’ என்று சத்தம், மெதுவாக இறங்கியது. காற்றுக்கு வேறு வழி இல்லாமல் ஜிப் வழியாகப் போய்வந்தது. பத்தே நாளில் ஜிப்பை ஒட்டி மை வைத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. துருத்திக் கணக்கு சரிதான் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி எனக்குக் கிடைத்திருக்காது.

அடியைப் பிரித்து, பைக் சீட்டுக்குப் போடும் தடிமனான நெட் துணியை முழு அடிப்பாகத்துக்கும் வைத்தார். இப்போது மூச்சு கீழ்வழியாக. நாற்காலிப் பின்னலில் இடைவெளி இருப்பதால் காற்றுக்குத் தடை இல்லை, அடியில் தூசி படியவும் பரப்பு இல்லை. மேல் துணிக்கு உள்ளே ஒரு சுற்று குடைத் துணி வைக்கச் சொன்னேன், நெருக்க நெசவு, தூசி தாண்டாது. ஒரு குறை உண்டு, உட்காரும்போது லேசாகச் சரசரக்கும். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “பட்டுப் புடவை மேல உட்கார்ந்த மாதிரி இருக்குடா.” அவருக்கென்று ஒன்றில் மட்டும் குடைத் துணியை எடுத்துவிட்டோம்.

நான் செய்த தப்பும் ஒன்று இருக்கிறது. நாற்காலியோடு கட்ட நாடா வேண்டாம், வெல்க்ரோ போடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். நாலு மாதத்தில் அதன் முள் பக்கம் முழுக்கத் தூசி, முடி, பஞ்சு. ஊசியால் குத்திக் குத்தி எடுத்தாலும் பழைய பிடிப்பு இல்லை. இப்போது இரண்டில் நாடா மாற்றியாகிவிட்டது.

பராமரிப்பு விஷயத்தில் என் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, எல்லாம் அம்மாவுடையது. நான் குஷனுக்கு மூடியாகத் தார்ப்பாய் தேடிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு பழைய நைலக்ஸ் சேலையை எடுத்துவந்து நாலு நாற்காலிகளுக்கும் சேர்த்துப் போர்த்தினார். உட்கார வேண்டுமென்றால் சேலையைச் சுருட்டி, கிரில்லுக்கு வெளியே ஓர் உதறு. தூசி அதில் நிற்பதில்லை, வழுக்கி விழுந்துவிடுகிறது. முதலில் போட்ட பருத்திச் சேலை அப்படி இல்லை, தூசியைக் குடித்துவிடும். சேலையை வாரம் ஒரு முறை மெஷினில் போடுகிறோம், குஷன் உறையை இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் துவைக்க வேண்டியிருக்கிறது. காற்றுக்குப் பறக்காமலிருக்க நாலு முனைகளிலும் பழைய இரும்பு வாஷரை வைத்துத் தைத்தேன். துரு சேலையில் இறங்கியது. எவர்சில்வர் வாஷருக்கு மாற்றினேன்.

குஷனை அடிப்பதற்குப் பழைய ஷட்டில் பேட். கைக்கு அடக்கம், துணியைக் கிழிக்காது. தென்னந்துடைப்பம் நூலை இழுத்துவிடும். நெட் பக்கம் கீழே இருக்கும்படி தூக்கிப் பிடித்து மேலே அடித்தால் உள்ளே போன கொஞ்சநஞ்சமும் நெட் வழியாகக் கொட்டும். மார்கழி, தை மாதங்களில் காலையில் இதைச் செய்யக் கூடாது. பனியில் தூசி ஊறியிருக்கும், அடித்தால் பூசிக்கொள்ளும். பத்து மணி வெயில் ஏறிய பிறகு. ஈரத் துணியால் துடைக்கும் ஆசை வந்தாலும் முதலில் அடித்து, நாலங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, அப்புறம்தான் ஈரம். போகியன்று விடியற்காலை விழும் கரித்துகளை மட்டும் கையாலோ பிரஷ்ஷாலோ தொடவே கூடாது, எண்ணெய்ப் பசை, இழுத்தால் கோடு விழும். வேக்குவம் குழாயைத் துணியில் படாமல் மேலாகப் பிடித்து உறிஞ்ச வேண்டும். முதல் போகிக்கு இது தெரியாமல் தேய்த்ததன் ஞாபகார்த்தமாக ஒரு குஷனில் மீசை மாதிரி ஒரு கறை இருக்கிறது.

துவைப்பதில் இரண்டு விஷயம். சோப்பு மிச்சம் துணியில் நின்றால் அது அடுத்த தூசிக்குப் பசை. அதனால் பவுடர் இல்லை, லிக்விட் ஒரு மூடி, அலசுவது மூன்று தண்ணீர். கடைசி அலசல் எங்கள் போர் தண்ணீரில் இல்லை. அதில் அலசிக் காய வைத்தால் ஓரத்தில் உப்புப் பூத்து வெள்ளைத் திட்டு விழுகிறது. மெட்ரோ வாட்டர் ஒரு வாளி பிடித்து வைத்து அதில் முக்கி எடுக்கிறோம். காய்வது நிழலில், உள்பக்கம் வெளியே. மழைச் சாரலில் குஷன் நனைந்துவிட்டால் படுக்க வைக்காமல் ஜிப் பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் ஓர் ஓரத்துக்கு இறங்கி வடிந்துவிடும். போன ஐப்பசியில் அப்படி வைத்த குஷன் மறுநாள் சாயங்காலமே காய்ந்திருந்தது. புயல் என்று டிவியில் சொன்ன அன்றே எல்லாம் கட்டிலடிக்குப் போய்விடும், அதில் இனிச் சோதனை எதுவும் கிடையாது.

2024 ஜூனில் தைத்தது. தைத்து வந்த அன்றே ஒவ்வொன்றையும் எடைபோட்டு, உள் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்தேன். சரியாக ஒரு வருஷம் கழித்து மறுபடி அம்மாவின் தராசு. மூன்று குஷன்கள் பத்திலிருந்து இருபது கிராம் வரை ஏறியிருந்தன, அது ஈரப்பதமாகக் கூட இருக்கலாம். குடைத் துணி இல்லாத அம்மாவின் குஷன் மட்டும் 55 கிராம். அவரிடம் தராசைக் காட்டினேன்.

“ஒரு வருஷத்துக்கு அம்பது கிராம் தானே? அடிச்சா போயிடும்” என்று பேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மிச்சம் இரண்டு குஷன்களில் வெல்க்ரோவைப் பிரித்து நாடா வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பாய் கடை மூடியிருக்கும், சனிக்கிழமை போக வேண்டும்.